பாடத்திட்ட பிளானரும் ஆலோசகர்களும்: கலைப் பட்டம் படிப்பவர்களுக்கு ஒரு விமர்சனம்

என் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் படிப்பவர்களுக்கு இரண்டு உதவிகள் உண்டு. இணையத்தில் ஒரு பாடத்திட்ட பிளானர் இருக்கிறது, அது போதவில்லை என்றால் ஆலோசகரை நேரம் வாங்கிப் போய்ப் பார்க்கலாம். முதல் செமஸ்டரிலிருந்து இப்போது கடைசி செமஸ்டர் வரை இரண்டையும் நம்பித்தான் என் பாடங்களை எடுத்தேன். பிளானருக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் கொடுப்பேன். ஆலோசகர்களுக்கு நான்கரை. அந்த அரை ஏன் குறைகிறது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பொறியியல், மருத்துவம் என்றால் இந்த வருடம் இந்தப் பாடங்கள் என்று பட்டியலே கையில் வந்துவிடும். கலைப் பட்டத்தில் பட்டியலில் பெரும்பகுதியை நாமேதான் போட வேண்டும். எங்களுக்கு மூன்று வருடத்தில் 24 பாடங்கள். அதில் எட்டு மேஜருக்கு, அதாவது நாம் முதன்மையாகப் படிக்கும் துறைக்கு. இன்னொரு மேஜர் வேண்டுமென்றால் மேலும் எட்டு, துணைத் துறையாக ஒரு மைனர் போதும் என்றால் நான்கு, மீதி விருப்பப் பாடங்கள். கூடவே, முதல் நிலைப் பாடங்கள், அதாவது தொடக்கநிலைப் பாடங்கள், பத்துக்கு மேல் போகக்கூடாது. ஊருக்கு ஊர் எண்களும் பாடங்களை எண்ணும் அலகும் மாறும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பாடத்துக்கு 6 யூனிட் வீதம் 144, மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 12.5 புள்ளி வீதம் 300, இரண்டையும் வகுத்துப் பார்த்தால் அதே 24 பாடங்கள்தான். ஐரோப்பாவில் மூன்றாண்டுப் பட்டம் பெரும்பாலும் 180 கிரெடிட். இந்தியாவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டுக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதில் மேஜருக்கு 60. எங்கே படித்தாலும் மொத்தம் எவ்வளவு, எந்த நிலையில் எவ்வளவு, மேஜருக்குள் எவ்வளவு என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத்தான் வேண்டும். மொத்தம் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்து, நிலைக்கணக்கில் ஒரு பாடம் குறைந்து பட்டம் தள்ளிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இந்த விதிகள் எரிச்சல் தருவதற்காக வைக்கப்பட்டவை இல்லை. ஹார்வர்டில் 1869இல் தலைவரான சார்ல்ஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து மாணவர்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். சுதந்திரம் கிடைத்தது, ஆனால் எதிலும் ஆழம் போகாமல் தொடக்கநிலை வகுப்புகளையே பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்களும் நிறைய. 1909இல் அடுத்துத் தலைவரான லோவல், ஒரு துறையில் ஆழமாகப் படி, மற்றத் துறைகளிலும் கொஞ்சம் படி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று நாம் மேஜர், நிலை வரம்பு என்று தலையைச் சொறிவதெல்லாம் அதே கவலையிலிருந்து வருவதுதான்.

சரி, பிளானருக்கு வருவோம். திரையில் வருடத்துக்கு ஒரு வரிசை, அதில் செமஸ்டருக்கு நான்கு கட்டங்கள். இடது பக்கம் பாடங்களைத் தேடி, இழுத்துக் கட்டத்தில் போடலாம். முன்தேவைப் பாடம் முடிக்காமல் மேல்நிலைப் பாடத்தைப் போட்டால் கட்டம் சிவப்பாகும், எந்தப் பாடம் விடுபட்டது என்றும் எழுதிக் காட்டும். மேஜரை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்கத் தனியாக இன்னொரு வரைவு வைத்துக்கொள்ளலாம், பதிவான பாடங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இது உண்மையிலேயே அருமையான வசதி. வரலாறா சமூகவியலா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கும் ஒருவருக்கு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் வருடத்தில் எடுத்த எந்தப் பாடமும் வீணாகாது என்று காட்டுவதே பெரிய ஆறுதல். ஒரு மேஜருக்குப் பயன்படாத பாடம் விருப்பப் பாடமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அதையும் அதுவே நகர்த்திக் காட்டுகிறது.

குறை எங்கே என்றால், அதற்குக் கணக்கு தெரியும், காலம் தெரியாது. மூன்றாம் நிலைப் பாடங்களில் பல ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடக்கும். சின்னத் துறைகளில் ஒரு பாடத்தை எடுக்க ஒரே பேராசிரியர்தான் இருப்பார், அவர் ஆராய்ச்சி விடுப்பில் போனால் அந்த வருடம் பாடம் கிடையாது. பிளானர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. இந்த வருடப் பட்டியலில் இருக்கும் பாடம் மூன்று வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பச்சை காட்டிவிடுகிறது. என் இறுதியாண்டுக் கட்டத்தில் பச்சையாகவே இருந்த ஒரு பாடம் அந்த வருடம் நடக்கவே இல்லை. நல்லவேளை, துறையில் மாற்றுப் பாடத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். மொழிப் பாடத்தை மேஜராக எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எழுத்திலிருந்து தொடங்குபவருக்கு அது ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று செமஸ்டர் செமஸ்டராகப் போகும் சங்கிலி. முதல் செமஸ்டரில் ஆரம்பிக்காமல் இரண்டாம் வருடம் ஆரம்பித்தால், எட்டுப் பாடம் எண்ணிக்கையில் இடம் இருக்கும், செமஸ்டர் இருக்காது.

அடுத்தது இரட்டைக் கணக்கு. அரசியலும் வரலாறும் இரட்டை மேஜராக எடுத்தால், சில பாடங்கள் இரண்டு பட்டியலிலும் வரும். காலனி ஆட்சி பற்றிய பாடம் ஒன்று அப்படித்தான், இரண்டு துறையும் அதைத் தங்கள் பாடமாகவே போட்டிருக்கின்றன. எங்கள் விதிப்படி ஒரு பாடத்தை ஒரு மேஜரில்தான் எண்ணலாம். பிளானரோ அதை இரண்டிலும் எண்ணி, இரண்டு மேஜரும் முடிந்ததாக 8/8, 8/8 என்று காட்டுகிறது. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து இருப்பது தெரியும். இரட்டை மேஜர் எடுப்பவர்கள் தயவுசெய்து ஒரு தாளில் இரண்டு பட்டியலையும் எழுதி, பொதுவான பாடம் எந்தப் பக்கம் என்று கையால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு அடிப்படையான விஷயத்தை ஒரு பல்கலைக்கழகக் கருவி தவறாகக் காட்டுவது எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் இதனால் ஒருவருக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் கூடுதலாகப் போகும்.

நேர அட்டவணையோடும் இதற்குத் தொடர்பு இல்லை. இரண்டு கட்டாயப் பாடங்களின் விரிவுரை ஒரே நேரத்தில் வந்தாலும் பிளானர் வாய் திறக்காது.

ஆலோசகர்கள் விஷயம் வேறு. இதில் இரண்டு வகை இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. புல அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு விதிகள் அத்துப்படி. துறையில் மேஜர் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் பேராசிரியருக்குப் பாடங்களே தெரியும், அடுத்த வருடம் யார் எதை எடுக்கப் போகிறார் என்பது உட்பட. எனக்கு அதிகம் பயன்பட்டது இரண்டாமவர். அவர் என் பிளானரைத் திறந்து பார்க்கவே இல்லை. கடைசி வருடம் எதைப் பற்றி நீளமாக எழுத ஆசைப்படுகிறாய் என்று கேட்டார். நான் பத்திரிகைகளின் வரலாறு பற்றிச் சொன்னதும், அதற்கு எந்த மூன்றாம் நிலைப் பாடம், அதற்கு முன்னால் எந்த ஆய்வுமுறைப் பாடம், அது எந்த செமஸ்டரில் நடக்கும் என்று பின்னாலிருந்து முன்னால் எழுதிக்கொண்டே வந்தார். முதல் வருடத்துக்கு வந்து நிற்கும்போது கட்டாயமாகத் தேவைப்பட்டது இரண்டே பாடங்கள்தான், மற்றதெல்லாம் என் இஷ்டம். முன்னாலிருந்து பின்னால் நிரப்பச் சொல்லும் பிளானரில் இந்த வழி யாருக்குமே தோன்றாது. பட்டத்துக்குப் பிறகு ஆனர்ஸ் என்ற கூடுதல் வருடம் படிக்க நினைப்பவர்களுக்கு மேஜர் பாடங்களில் மட்டும் ஒரு குறைந்தபட்ச சராசரி பார்ப்பார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அது பிளானரில் எங்கும் இல்லை.

அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் பதிவு வாரம். அப்போது போனால் வரிசையில் காத்திருந்து, அவசரத்தில் ஒரு இணைப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஆட்கள் போதாது. தேர்வு முடிவு வந்த பிறகு, பதிவு தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அமைதியான நாட்களில் நேரம் வாங்குங்கள், அதே ஆள் பொறுமையாக உட்கார்ந்து பேசுவார். போகும்போது வெறும் கையோடு போகாமல் இரண்டு வரைவாவது கொண்டுபோங்கள். எந்த மேஜர் நல்லது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்த இரண்டில் எதை எடுத்தால் மூன்றாம் வருடம் எந்தப் பாடம் கைவிட்டுப் போகும் என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

அப்புறம், ஒரு செமஸ்டர் வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்களுக்கு: பிளானரில் அதற்குக் கட்டமே இல்லை. அங்கே எடுக்கும் பாடம் இங்கே மேஜரில் எண்ணப்படுமா, விருப்பப் பாடமாக மட்டுமா என்பதைப் போவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், மின்னஞ்சல் போதும். அங்கே போய்ப் பாடம் மாறினாலும் அன்றே எழுதிக் கேளுங்கள். நீங்கள் சேர்ந்த வருடத்தின் கையேட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் அந்த வருட விதிகள்தான் கடைசிவரை உங்களுக்குப் பொருந்தும், பிளானரில் முதலில் தெரிவதோ எப்போதும் இந்த வருடத்து விதிகள்.