பாங்காக்: ‘அரண்மனை இன்று மூடியிருக்கிறது’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

சாவோ பிரயா ஆற்றங்கரையைப் பார்க்கப் போகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் படகுத் துறையிலும் ‘கிராண்ட் பேலஸ்’ எனும் அரச அரண்மனையின் மதிலோரத்திலும்தான்.

ஸ்கைட்ரெயினில் (மேம்பால ரயில்) சபான் தக்சின் நிலையத்தில் இறங்கி, 2-ஆம் எண் வாசல் வழியே வந்தால் சாத்தோன் துறை. கழுத்தில் அட்டை தொங்க நிற்பவர்கள் ‘ஆரஞ்சுக் கொடிப் படகு இப்போது வராது’ என்று மறிப்பார்கள். வரும். அது எல்லாரும் ஏறும் பொதுப் படகு; எங்கே இறங்கினாலும் 16 பாட் (தாய்லாந்து நாணயம்) அளவில்தான் கட்டணம். உருளைத் தகரப் பெட்டியைக் குலுக்கிக்கொண்டு வரும் நடத்துநரிடம் படகிலேயே கொடுக்கலாம். நீலக் கொடிச் சுற்றுலாப் படகு மோசடி இல்லை, விலைதான் அதிகம். தனியாக வாடகைக்குப் பேசும் நீள்வால் படகில்தான் (ஒடுங்கிய நீள மோட்டார் படகு) கவனம் வேண்டும்: பேசிய தொகை ஆளுக்கா படகுக்கா, எத்தனை மணி நேரம், எந்தத் துறையில் இறக்குவார்கள் என்று ஏறுமுன் தாளில் எழுதி வாங்குங்கள். நடு ஆற்றில் பேரம் பேச முடியாது.

தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை நடை தூரம். மதிலோரம் நல்ல உடையணிந்த ஒருவர், ‘இன்று பூஜை, மதியம்தான் திறக்கும்’ என்பார். அவர் காட்டும் கதவு உண்மையிலேயே மூடியிருக்கும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். பார்வையாளர் வாசல் நா பிரா லான் சாலையில் இருக்கிறது. காலை 8:30 முதல் மாலை 3:30 வரை சீட்டு தருவார்கள். அரச சடங்குக்காக மூடினால் அரண்மனையின் இணையதளத்திலேயே போடுவார்கள்.

அடுத்தது, ‘20 பாட்டுக்கு மூன்று கோயில்’ என்று அழைக்கும் டுக் டுக் (ஆட்டோ) ஓட்டுநர். அந்தக் காசு பெட்ரோலுக்கே காணாது. ரத்தினக்கல் கடைக்காரர் தரும் கமிஷன்தான் அவர் வருமானம். வழியில் ஒரு சின்னக் கோயில். அங்கே ‘தற்செயலாக’ உட்கார்ந்திருப்பவர், அரசு ரத்தினக்கல் விற்பனைக்கு இன்றே கடைசி நாள், ஊரில் விற்றால் இரட்டிப்பு என்பார். அப்படி ஒரு அரசு விற்பனையே கிடையாது. கல் பெரும்பாலும் போலியாக இருக்காது, தரம்தான் மட்டம், விலை பல மடங்கு. கூரியரில் ஊருக்கே அனுப்புகிறோம் என்றால் இன்னும் உஷார்: கல் கையில் இல்லாவிட்டால் அன்றே வேறு கடையில் காட்டிப் பார்க்க முடியாது.

அக்கரையில் உள்ள வாட் அருண் கோயிலுக்குப் போக தா தியன் துறையிலிருந்து அக்கரைப் படகு உண்டு, சில பாட்தான். அதற்கும் தனிப் படகு பேச வருவார்கள்!

சிக்கிவிட்டால் ரசீதையும் டுக் டுக் எண்ணையும் படமெடுத்துக்கொண்டு, சுற்றுலாக் காவல்துறையை 1155-இல் அழையுங்கள்.