எந்தக் கோளுக்கு என் ஓட்டு?

கே2-18பி என்ற தொலைதூரக் கோளில் உயிரின் தடயம் இருக்கலாம் என்று 2025 ஏப்ரலில் செய்தியான பிறகு, மன்னார்குடி டீக்கடை பெஞ்சில்கூட வேற்றுக்கோள் உயிர் பேச்சுக்கு வந்துவிட்டது. உயிர் இருக்க எந்தக் கோளுக்கு வாய்ப்பு அதிகம் என்பதுதான் கேள்வி. அடிக்கடி அடிபடும் பெயர்கள் மூன்று: புராக்சிமா பி, கே2-18பி, டிராப்பிஸ்ட்-1இ. மூன்றும் சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்களைச் சுற்றுபவை. மூன்றையும் ‘வாழத்தகு மண்டலத்தில்’ இருப்பவை என்கிறார்கள்.

இந்த மண்டலத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே நீர் திரவமாக இருக்க முடியும், அவ்வளவுதான். இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கடைமடைக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மேட்டூர் திறந்து, வாய்க்கால் வயலோரமாகவே ஓடினாலும், வரப்பு உடைந்திருந்தால் வயலில் தண்ணீர் நிற்காது. கோளுக்கு வரப்பு அதன் வளிமண்டலம்.

புராக்சிமா பி மிக அருகில் இருப்பது: 4.24 ஒளியாண்டு. 2016இல் கண்டறியப்பட்டது. ஆனால் அதன் விண்மீன் அவ்வப்போது சீறி வெடித்துக் கதிர்வீச்சை அள்ளி வீசுகிறது. 11 நாளில் சுற்றிவரும் நெருக்கத்தில் இருக்கும் கோளில் காற்று மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே அது கடந்து போவதும் இல்லை. அப்படிக் கடக்கும்போது கோளின் காற்றை ஊடுருவி வரும் விண்மீன் ஒளியில் வாயுக்களின் தடயம் தெரியும்; இங்கே அந்த வாய்ப்பு இல்லாததால் அதன் காற்றைச் சோதிப்பது கடினம். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஓட்டுப் போட முடியாது.

கே2-18பி 124 ஒளியாண்டு தள்ளி, சிம்மராசித் திசையில் இருக்கிறது. நிறை பூமியைப்போல எட்டு மடங்குக்கு மேல். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் அங்கே மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் கண்டது. மீத்தேன் என்றாலே டெல்டாக்காரர்களுக்குக் கோபம் வரும், அது வேறு கதை. தண்ணீர் கட்டிய நம் நெல்வயல்களில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. சனியின் நிலவான டைட்டனிலோ உயிர் எதுவும் தென்படாமலே அது ஏராளமாக இருக்கிறது. எனவே அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பரபரப்பு கிளப்பியது டைமெத்தில் சல்பைடு என்ற வாயு. நாகப்பட்டினம் கடற்கரையில் மூக்கில் ஏறும் கடல்வாடையில் இதற்கும் பங்குண்டு. கடலின் மிதவை நுண்ணுயிர்கள் தருவது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியலாளர் நிக்கு மதுசூதனின் குழு கே2-18பியில் அதன் தடயம் தெரிவதாக அறிவித்தது. ஆனால் அந்தச் சான்று கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவுக்கு வலுவானதல்ல. அதே தரவை அலசிய வேறு குழுக்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. போதாக்குறைக்கு, இந்த வாயு ஒரு வால்நட்சத்திரத்திலும் அகப்பட்டிருக்கிறது. நம் நாளேடுகள் தலைப்பில் கேள்விக்குறி போட்டுத் தப்பித்துக்கொண்டன.

என் ஓட்டு டிராப்பிஸ்ட்-1இ-க்குத்தான். ஏறத்தாழ 40 ஒளியாண்டு. ஏழு கோள்கள் கொண்ட குடும்பத்தில் ஒன்று. ஆரம் பூமியில் சுமார் 92 சதவீதம், பாறைக்கோள். நமக்கும் விண்மீனுக்கும் குறுக்கே ஆறு நாளுக்கு ஒருமுறை கடந்து போகிறது, ஆகவே சோதனைக்கு வாய்ப்பு அதிகம். சிக்கல், அந்த விண்மீனின் கரும்புள்ளிகள் கோளின் காற்றுபோலவே தோற்றம் காட்டிக் குழப்புவது. அதற்கும் ஆய்வாளர்கள் வழி வைத்திருக்கிறார்கள். அதே குடும்பத்தின் ‘பி’ கோளில் சொல்லும்படியான காற்று இல்லை என்று 2023இல் கிடைத்த தரவு காட்டியது. ஆகவே ‘பி’யும் ‘இ’யும் அடுத்தடுத்துக் கடக்கும் நேரம் பார்த்து இரண்டையும் அளக்கிறார்கள். ‘பி’யில் தெரிவது விண்மீனின் கைவரிசை, அதைக் கழித்தால் மிஞ்சுவது ‘இ’யின் காற்று. அங்கும் காற்றில்லை என்று முடிவானால், 48 ஒளியாண்டிலுள்ள எல்எச்எஸ் 1140பி என்ற கோளுக்கு என் ஓட்டை மாற்றிக்கொள்வேன்.