ரேடியோ நெதர்லாந்து: அட்டையா, கொடியா?

2012இல் சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பை விட்டு விலகிய நெதர்லாந்து நாட்டின் பன்னாட்டு வானொலியான ரேடியோ நெதர்லாந்தின் நினைவுப்பொருள்களைத் தேடுபவர்கள், மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாருக்குப் போகுமுன் மாட்டுங்கா, செம்பூர் தமிழர் வீட்டுப் பரண்களை விசாரியுங்கள். ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பிய கியூஎஸ்எல் அட்டையும் நிலையத்தின் துணிக்கொடியும் கிடைத்தால், என் ஓட்டு அட்டைக்கே. கொடி சுவருக்கு அழகு, அவ்வளவுதான். நிரப்பிய அட்டையோ தேதி, யுடிசி (உலகப் பொது) நேரம், அலைவரிசை எல்லாம் சொல்லும். ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று நேயர் எழுதிய அறிக்கைக்கு நிலையமே தந்த அத்தாட்சி அது; எத்தனை இரவு காது கொடுத்துக் கேட்டிருப்பார்! தபால்தலையோடு உறையும் இருந்தால் விடவே விடாதீர்கள். வெற்று அட்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மும்பை மழைக்கால ஈரம்தான் அட்டைக்கு எமன். துணி கொஞ்சம் தாங்கும். அட்டையை அமிலமற்ற உறையிலிட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.