பனை பார்க்கப் பேராதனை போன கதை

கண்டியில் சித்தி வீட்டில் ஒரு கிழமை நின்றோம். ரொறன்ரோவில் இருந்து நானும் பதினொரு வயது மகளும், யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா. வான் பிடித்து ஓடிய முதல் மூன்று நாளிலேயே கை கடித்துவிட்டது. நாலாம் நாள் பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்பக்கூடிய இடம் எது என்று கேட்டேன். சித்தி யோசிக்காமல் சொன்ன இடம் பேராதனைப் பூந்தோட்டம். கண்டி டவுனில் இருந்து 6 கிலோமீற்றர்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் பார்த்து நிற்கும்போதே ஒரு ஓட்டோக்காரர் வந்துவிட்டார். மகளின் சப்பாத்தை ஒருதரம் பார்த்தார், என் தோள்பையை ஒருதரம் பார்த்தார், ஆங்கிலத்தில் தொடங்கினார். இன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, தோட்டம் பூட்டு, வாருங்கள், வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்று காட்டுகிறேன், போக வர 3,500 ரூபாய். நான் சாடையாய் மசியத் தொடங்க, அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டா: “போயா போன கிழமைதானே தம்பி வந்தது, கிழமைக்கு ஒருக்கால் வருமோ?” அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பேராதனை வழியாகப் போகும் கடுகண்ணாவை ஊர் பஸ் நிற்கும் இடத்தைத் தானே கையைக் காட்டிவிட்டுப் போனார். கெட்ட மனிசனில்லை. ஆனால் “இன்றைக்குப் பூட்டு” என்று வாசலுக்கு வெளியில் யார் சொன்னாலும் வாசல்வரை போய்ப் பாருங்கோ.

பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு பிளேன்டீ விலைதான். கொண்டக்டர் பொடியன் மிச்சக்காசைக் கடைசிச் சில்லறைவரை எண்ணித் தந்தான். தோட்ட வாசலடியில் இறங்கவேணும் என்று அம்மா சொல்லிவைத்ததை மறக்காமல், எங்கள் பைகளையும் தானே இறக்கிவிட்டான். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை அதுதான். வான்காரருக்குக் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ரிக்கற் வாங்கும் இடத்தில்தான் எங்கள் குடும்பம் இரண்டு நாடாகப் பிரிந்தது. அம்மா அடையாள அட்டையை நீட்டினா, உள்ளூர் விலை. நான் கனடாக் கடவுச்சீட்டு, மூவாயிரத்துச் சொச்சம். மகளுக்குச் சிறுவர் ரிக்கற், அதுவும் வெளிநாட்டுக் கணக்கில். “அம்மம்மா மட்டும் ஏன் மலிவு?” என்று மகள் கேட்க, “நான் இஞ்சையே நிண்டனான், அதுக்கு அரசாங்கம் தாற கழிவு” என்றா அம்மா. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள். எங்கள் முழுநாள் செலவில் பெரும்பங்கு இந்த ஒரு ரிக்கற்தான்.

147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி ஆறு வளைத்து ஓடுகிறது. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்ற பிரித்தானியத் தாவரவியலாளர் தொடங்கிவைத்த தோட்டம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். பற்றரி கார் வாடகைக்கு இருக்கிறது. அம்மா முழங்கால் வலிக்காரி, எடுப்பமோ என்று நான் கேட்க, “நடக்கத்தானே வந்தனாங்கள்” என்று அவ முன்னால் போய்விட்டா.

ஓர்க்கிட் வீடு அழகு, படம் எடுத்தோம், வந்தோம். பெரிய புல்வெளியில் குடைபோல் படர்ந்து நிற்கும் அந்த ஒற்றை அத்தி இன மரத்தின் கீழ்தான் எல்லாக் குடும்பங்களும் பாய் விரிக்கின்றன. நாங்களும் சித்தி கட்டித் தந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் அங்கே பிரித்தோம். வாழைப்பழச் சீப்பு மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. குரங்கு ஒன்று வந்து, பையின் ஸிப்பைப் பார்த்துத் திறந்து அதை எடுத்துக்கொண்டு போனது. மகளுக்கு அந்தக் குரங்குதான் அன்றைய கதாநாயகன்.

சாப்பிட்டபின் மரநிழல் சாலைகளில் திரும்பினோம். ஒரு சாலையில் இரண்டு பக்கமும் நெட்டையாய், கறுப்பாய் மரங்கள். அம்மா நின்றுவிட்டா. அண்ணாந்து பார்த்தா, என்னைப் பார்த்தா. “எடி, இது பனையெல்லோ? பனை பாக்கவோ மூவாயிரம் குடுத்தனி?” வளவு நிறையப் பனை நிற்கும் மனிசியிடம் நான் என்ன சொல்ல. அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, “வடலியிலயே நல்லாப் பாத்திருக்கினம்” என்று ஒரு சான்றிதழும் கொடுத்தா.

அங்கிருந்து இரட்டைத் தேங்காய் மரத்தடிக்குப் போனோம். சீஷெல்ஸ் தீவு மரம். ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் எடுக்கும், இருபது கிலோவரை போகும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, இளங்காய்க்குள் வழுவழுப்பான சதை இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டு போக, அம்மா இடைமறித்தா: “அப்ப இது எங்கட பனையின்ர சொந்தக்காரன். உது நுங்குதான்.” தாவரவியல்காரரும் இரண்டையும் ஒரே கிளையில்தான் வைத்திருக்கிறார்கள். விசிறி ஓலையைப் பார்த்தே அம்மா பிடித்துவிட்டா.

திரும்பும் வழியில் நாகலிங்க மரம். 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்டது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பெயர்ப்பலகையைப் படம் பிடித்தது; அம்மா நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தா. பூப் பறிக்கக் கூடாது, விழுந்து கிடந்ததில் வாடாத ஒன்றை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தா. படமெடுத்த பாம்பு மாதிரி வளைந்த இதழை நகத்தால் மெல்ல நிமிர்த்தி, உள்ளே இருக்கும் குட்டி லிங்கத்தைக் காட்டினா. இளஞ்சிவப்பும் மஞ்சளும், கிட்டப் பிடித்தால் தலைசுற்றும் வாசம். மகள் அதைத் தண்ணீர்ப்போத்தல் மூடிக்குள் வைத்து பஸ்வரை கொண்டுவந்தாள்.

போகிறவர்களுக்கு இரண்டு சொல்: காலை ஏழரைக்கே திறக்கிறார்கள், வெயிலுக்கு முன் பாதி நடந்துவிடலாம். சாப்பாடும் தண்ணீரும் வீட்டில் இருந்து. பழத்தை மட்டும் ஸிப் இல்லாத, நல்லாய் முடிச்சுப் போட்ட பையில் வையுங்கோ.

பின்னேரம் பஸ்ஸில் சீற் கிடைத்ததும் அம்மா போனை எடுத்து யாழ்ப்பாணத்துக்குப் பெரியம்மாவுக்கு அடித்தா. “ஓம் அக்கா, பேராதனைதான். நல்ல இடம். பனை எல்லாம் நிக்குது.”