அகஸ்தியர்கூடம் நடை: மிருகம் பார்க்கப் போகாதீர்கள்

பொதிகையை அம்பாசமுத்திரம் பக்கமிருந்து அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நான். அதன் உச்சியான அகஸ்தியர்கூடத்துக்குப் போக என்னவோ மலையைச் சுற்றிக்கொண்டு திருவனந்தபுரம், போனக்காடு என்று கேரளா வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே வனத்துறை ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடத்தும் மூன்று நாள் நடை இது. மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், பையைக் கொட்டிப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்லதுதான்.

முதல் நாள் கரமனையாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டித் தாண்டி நிழலிலேயே போகிறது, அப்புறம் திடீரென்று ஒரு மரம்கூட இல்லாத புல்வெளி, மண்டை காய்ந்துவிடும், அது முடிந்ததும் ஏழுமடக்குத்தேரி, முட்டிடிச்சான்தேரி என்று இரண்டு செங்குத்து ஏற்றங்கள். பின்னதற்குப் பெயர்க்காரணம் யாரும் சொல்ல வேண்டாம், பாதி ஏறும்போது தானே விளங்கும். வாடகைக்கு எடுத்த பையின் தோள்வார் சரியாக அந்த இடத்தில் அறுந்தது. கடைக்காரர் "புதுசு சார்" என்று சத்தியம் செய்த பை!

இரவு அதிருமலை முகாமில். சுற்றிலும் யானை அகழி, உள்ளே வரிசையாகப் பாய், சூடான கஞ்சியும் பயறும். அந்தக் குளிரில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். குறட்டைச் சத்தத்துக்குப் பஞ்சு கொண்டுபோங்கள்.

மறுநாள் உச்சி, 1,868 மீட்டர். மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகி, கிளையெல்லாம் பாசி பிடித்து, காற்றுக்குக் கூன் போட்டு நிற்கின்றன. கடைசிப் பாறையில் கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டும். அகஸ்தியர் சிலைக்குப் பக்கத்தில் நின்றால் மேற்கே நெய்யாறு ஓடும் பக்கம், கிழக்கே நம் தாமிரபரணி பிறக்கும் சரிவு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்குகிற மலை, அதனால்தான் கோடையிலும் எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. இதைப் பள்ளியில் படித்ததுதான், ஆனால் மேலே நின்று பார்த்தபோதுதான் உறைத்தது.

மிருகம்? ஒரு மலையணில், அவ்வளவுதான். வழியெல்லாம் யானைச் சாணம் கிடந்தது, ஒன்றில் இன்னும் ஆவி பறந்தது, வழிகாட்டி பேச்சை நிறுத்திக் கையைக் காட்டினார், இருபது பேரும் பத்து நிமிடம் மூச்சுவிடவில்லை. வரையாடுதான் வேண்டுமென்றால் இரவிகுளம் போங்கள். சிங்கவால் குரங்கா, வால்பாறை புதுத்தோட்டத்தில் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. வீட்டுக்கு வந்து நான்கு நாள் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினேன், அந்த அரை அதற்கு.