தண்டல் நோட்டு போய் சவுண்ட் பாக்ஸ்: மூன்று வருடம், மூன்று ஆப் கடன்

மதுரை செல்லூரில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். 2022 பிப்ரவரியில் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் கொடுத்த கம்பெனியின் ஆப்பிலேயே முதல் கடன் எடுத்தேன், ஒரு லட்சம். கிரைண்டர் ஓடும்போதே மாவுக் கையைத் துடைத்துவிட்டு ஓடிபி போட்டேன். மறுநாள் கணக்கில் 97,640 வந்தது. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி பிடித்தது போக.

டில்டிங் கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வாங்கினேன். 30 கிலோ அரைத்த இடத்தில் 55 கிலோ. கூடுதல் மாவில் செலவு போக நாளுக்கு 400 ரூபாய் நின்றது. தவணை நாளுக்கு 340. ஆக, அந்த வருடம் முழுக்க என் 'வளர்ச்சி' தினம் 60 ரூபாய்தான்! கடன் முடிந்த பிறகுதான் கிரைண்டர் எனக்காக அரைத்தது.

"மாசம் ரெண்டு பர்சென்ட்தான் மேடம்" என்று போனில் சொன்னார்கள். அது ஃப்ளாட். அசல் குறையக் குறைய வட்டி குறையாது. 12 மாதத்தில் திருப்பிக் கட்டியது 1,24,000. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்ட பிறகு, கடனின் மொத்தச் செலவை வருட வட்டியாகக் காட்டும் தாள் தருகிறார்கள். 2024-இல் மூன்றாவது கடனுக்கு அதைப் பார்த்தேன். அதே ரெண்டு பர்சென்ட் கணக்குதான், தாளில் வருடத்துக்கு 46 சதவீதத்துக்கு மேல். தினமும் வந்து வசூலிக்கும் தண்டலை நினைத்தால் இது குறைவுதான்: 8,500 கையில் கொடுத்து நூறு நாளைக்கு நூறு நூறாக வாங்குவார்கள். ஆனால் மழை பெய்தால் தண்டல் அண்ணன் "நாளைக்குச் சேர்த்துக் குடும்மா" என்று போய்விடுவார். ஆப்புக்கு மழை தெரியாது. இரண்டு நாள் கடை பூட்டியிருந்தேன். மூன்றாம் நாள் வியாபாரப் பணத்தில் மூன்று நாள் தவணையும் பிடித்துக்கொண்டுதான் மீதி வந்தது.

இரண்டாவது கடனைப் பற்றிப் பேச வெட்கம். தொழில் கடன் என்று வாங்கி மகள் காதுகுத்துக்குச் செலவழித்தேன். ஒரு கிலோ மாவுகூடக் கூடவில்லை.

உருப்படியான லாபம் வேறு. மூன்றையும் ஒழுங்காக அடைத்ததில் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், ஏறியது. அதையும் யுபிஐ வரவையும் பார்த்துத்தான் வங்கியில், சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் கிஷோர் பிரிவுக் கடன் இரண்டு லட்சம் கிடைத்தது. நாலு நடை, ஐந்து வாரம். வட்டியோ ஆப்பில் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை.

ஆப்பை அழிக்கவில்லை. தீபாவளிக்கு முன் உளுந்து மொத்தமாக எடுக்க, மூன்று வாரத்தில் திரும்பிவிடும் பணத்துக்கு மட்டும் பார்ப்பேன், அதுவும் முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்று தாளில் இருந்தால்.