கிளம்பாத வாட்டர் ஸ்கூட்டர்: கார்புரேட்டரை முதலில் கழற்றுவதா, கம்ப்ரஷனை முதலில் அளப்பதா?

ஆர்.எக்ஸ். 100, டி.வி.எஸ். 50 ஆகியவற்றில் கைபழகிய மதுரை மெக்கானிக்குகளுக்கு டூ ஸ்ட்ரோக் இன்ஜின் புதிதல்ல. ஆகவே ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பழைய டூ ஸ்ட்ரோக் வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று மினி லாரியில் வந்து இறங்கும்போது, பிளக்கில் கரன்ட் வருகிறதா என்று பார்த்து, வந்தால் உடனே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கைவைப்பதே பட்டறை வழக்கமாக இருக்கிறது. இருசக்கர வாகனத்தில் இந்த வழக்கத்தில் குறையேதும் இல்லை. ஆனால் தண்ணீரில் ஓடும் வண்டியில், சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தமான கம்ப்ரஷனை முதலில் அளப்பதே சரி என்பது என் முடிவு.

கார்புரேட்டரை முதலில் பார்க்க வேண்டும் என்பவர்களின் வாதம் வலுவானதுதான். சீசன் முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் கெட்டுப்போவது இயல்பு. அதில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுத்து, அளவு மிஞ்சும்போது தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். மேலும், இவ்வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது மிதவை இல்லாத டயாபிரம் கார்புரேட்டர். அதன் மெல்லிய சவ்வு விறைத்துப்போனாலும், உள்ளே இருக்கும் சிறு சல்லடை அடைத்துக்கொண்டாலும் இன்ஜினுக்கு எரிபொருள் போகாது. ஸீ-டூ (Sea-Doo) என்ற நிறுவனப் பெயரில் வந்த பழைய வாட்டர் ஸ்கூட்டர்களின் சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள் உட்புறம் கரைந்து, பச்சைப் பசையாக அந்தச் சல்லடையில் போய்ப் படிவதும் உண்டு.

ஆனால் உழைப்பைக் கணக்கிட்டால் நிலைமை மாறுகிறது. பைக்கில் சில நிமிடங்களில் கையோடு வரும் கார்புரேட்டர், இங்கே குறுகிய உடலுக்குள், காற்றுப் பெட்டிக்கு அடியில், பெரும்பாலும் இரண்டாக இணைந்திருக்கும். அதற்குரிய பழுதுபார்ப்பு உதிரிபாகத் தொகுப்பான கிட்டை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். பைக் கிட் பொருந்தாது. ஒரு முழு நாள் செலவிட்டு இரண்டையும் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, பின் சிலிண்டரில் அழுத்தம் அளக்கும் கேஜின் முள் 70 பி.எஸ்.ஐ.-யைத் (அழுத்தத்தின் அலகு) தாண்டாததைக் கண்ட அனுபவம் எனக்கு உண்டு. வண்டிக்குரியவரிடம் அந்தக் கூலியைக் கேட்க மனம் வரவில்லை.

கம்ப்ரஷன் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சுவிட்சில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியுடன், இரண்டு பிளக்குகளையும் கழற்றி, பிளக் கேப்களை இன்ஜின் உலோகத்தோடு இணைத்து எர்த் செய்து (இல்லையேல் இக்னிஷன் சாதனம் கெடக்கூடும்), கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறி நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பல இன்ஜின்களில் 120 முதல் 150 பி.எஸ்.ஐ. வரை வரும்; மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், இரு சிலிண்டர்களுக்கும் இடையிலான வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். பிளக் கழன்றிருக்கும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் அது துளை வழியே பீறிட்டு வெளியேறிவிடும் என்பது மற்றொரு பெரிய லாபம். பிளக்கைக் கழற்றாமல் சுற்றினால் அதே தண்ணீர், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடக்கூடும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் சிலிண்டருக்கு அடியில் உள்ள கிராங்க் கேஸுக்குள் சென்று, அங்கே அழுத்தப்பட்ட பின்னரே சிலிண்டருக்கு ஏறுகிறது. அதன் காற்றுக்கசிவைத் தடுக்கும் கிராங்க் சீல் கசிந்தால் சிலிண்டர் அழுத்தம் நன்றாகக் காட்டினாலும் இன்ஜின் கிளம்பாமல் போகலாம். பெட்ரோல் பம்பும் அதே கிராங்க் கேஸின் துடிப்பால்தான் இயங்குகிறது என்பதால், அந்தத் துடிப்பைப் பம்புக்குக் கொண்டுசெல்லும் சிறு குழாயின் வெடிப்பு கார்புரேட்டர் கோளாறு போலவே தோன்றும்.

அழுத்தம் சரியென்றால், 40 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான எண்ணெய்) கலந்த கலவையை ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சிறு கரண்டி விட்டு, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். இரண்டு விநாடி ஓடி நின்றால் எரிபொருள் வரத்தில்தான் குறை. அப்போது கார்புரேட்டரைத் தயங்காமல் கழற்றலாம். இருமக்கூட இல்லையென்றால் பிளக், காயில், சுவிட்ச் என்று கரன்ட் பக்கம் போக வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் இணைப்பின்றி 15 விநாடிக்கு மேல் ஓட விடலாகாது. ஹோஸ் மாட்டினால் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே குழாயைத் திறந்து, நிறுத்துவதற்கு முன்பே மூட வேண்டும். தவறினால் புகைபோக்கி வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறும்.

கடலில் கவிழ்ந்து தண்ணீர் குடித்த வண்டிக்கு மட்டும் இந்த இரண்டு வழியும் பொருந்தாது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். லாரி பிடித்து இங்கே வந்து சேர்வதற்குள் உப்புநீர் கிராங்க் பேரிங்குகளில் துருவைத் தொடங்கிவிடும். வண்டியின் பின்புறம் ஒட்டியுள்ள அம்புக்குறி காட்டும் திசையிலேயே அதை நிமிர்த்தி, கரையிலேயே பிளக்குகளைக் கழற்றித் தண்ணீர் முழுதும் வெளியேறும் வரை சுற்றி, உடனே ஓட வைக்க முடியாவிட்டால் பிளக் துளைகளிலும் கார்புரேட்டர் வாயிலும் டூ டி ஆயிலைத் தாராளமாக ஊற்றி மீண்டும் சுற்றிவிட்டு, அதன் பிறகு லாரியில் ஏற்றுங்கள்.